நாளுக்கு 800 கலோரி: யாருடைய கணக்கு, யாருடைய தட்டு?

பாளையங்கோட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே கையில் தரப்படும் உணவு அட்டவணையிலும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் 'ஒரே மாதத்தில் 10 கிலோ' பட்டியலிலும், உயரத்தையும் எடையையும் கேட்டுவிட்டுக் கைப்பேசிச் செயலி அறிவிக்கும் இலக்கிலும் இப்போது பெரும்பாலும் ஒரு சிறிய எண்ணே காணப்படுகிறது. நாளுக்கு 1200 கலோரி என்பது வழக்கமான இலக்கு. சிலர் அதை 1000 ஆக்குகிறார்கள். அவசரம் கூடியவர்கள் 800க்கே இறங்கிவிடுகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தாயும், சர்க்கரை அளவு ஏறியிருப்பதாக மருத்துவர் எச்சரித்த கடைக்காரரும், கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணும் ஒரே எண்ணைப் பின்பற்ற முயல்கிறார்கள்.

எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தை வீண் ஆசை என்று ஒதுக்க முடியாது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் இவை முறையே 30.9, 28.2 என இருந்தன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் எடை குறைப்பு என்பது பெரும்பாலும் ஒரு மருத்துவத் தேவையே. ஆகவே இங்கே ஆராய வேண்டியது, மிகக் குறைந்த கலோரி இலக்கு அந்தத் தேவைக்குப் பொருந்துகிறதா என்பதுதான். அந்த இலக்கு எந்த உடலுக்குச் சொல்லப்படுகிறது, அதற்குள் என்ன உணவு இருக்கிறது, அது முடிந்த மறுநாள் என்ன நடக்கப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால் 800 கலோரிகூட ஒரு மருத்துவக் கருவியாக முடியும். விடை இல்லாவிட்டால் 1200 கலோரியும் தீங்கு செய்யும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் அளவுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரியையே. மருத்துவ வழக்கில் நாளுக்கு 800க்குக் கீழே இறங்குவது மிகக் குறைந்த கலோரி உணவுமுறை. 800 முதல் 1200 அல்லது 1500 வரை இருப்பது குறைந்த கலோரி உணவுமுறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உட்கார்ந்த வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 2110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை என்று 2020இல் கணித்தது. எடை குறைப்புக்கான உணவு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, அதற்குள்ளும் எல்லா ஊட்டச்சத்துகளும் இருக்க வேண்டும், வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பானது என்பது பொதுமக்களுக்கு அந்நிறுவனம் தந்துள்ள வழிகாட்டுதல்.

ஒரே இலக்கு, மூன்று உடல்கள்

உடல் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை இயங்குவதற்கு ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கும். எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணிக்க உதவும் சூத்திரங்களில் 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலான செயலிகள் இத்தகைய ஒரு சூத்திரத்தையே அடிப்படையாகக் கொள்கின்றன.

அதைக் கொண்டு மூன்று பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை கொண்ட ஓர் இல்லத்தரசிக்கு ஓய்வுநிலைச் செலவு ஏறக்குறைய 1330 கலோரி. வீட்டு வேலையையும் சேர்த்தால் நாள் முழுவதற்கும் சுமார் 1800. 60 வயது, 148 சென்டிமீட்டர், 55 கிலோ கொண்ட அவருடைய மாமியாருக்கு ஓய்வுநிலையில் சுமார் 1010, மொத்தம் 1300க்குச் சற்று மேல். 40 வயது, 172 சென்டிமீட்டர், 95 கிலோ கொண்ட கணவருக்கு ஓய்வுநிலையில் 1830, மொத்தம் 2500. இம்மூவருக்கும் 1200 என்ற ஒரே இலக்கைத் தந்தால் மருமகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி குறைகிறது; அது நியாயமான அளவே. மாமியாருக்கு வெறும் 100 கலோரிதான் குறைகிறது. மாதக்கணக்கில் கட்டுப்பாடாக இருந்தும் முள் நகரவில்லை என்று அவர் வருந்துவதற்கு அதுவே காரணம். கணவருக்கோ 1300 கலோரி குறைகிறது, அதாவது அவருடைய தேவையில் பாதிக்கு மேல். அவர் இரண்டாவது வாரத்திலேயே இரவுப் புரோட்டாக் கடையில் காணப்பட்டால் அதற்கு அவருடைய மன உறுதியைக் குறை சொல்வது சரியாகாது.

இந்தச் சூத்திரம் மேலை நாட்டு உடல்களை அளந்து உருவாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே எடையில் ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால், அது நமக்குக் காட்டும் தேவை சற்றுக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இதைப் பளிச்சென்று காட்டியது 2004இல் 'லான்செட்' இதழில் வெளியான ஓர் ஒப்பீடு. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கின் இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) ஒன்றாகவே, 22.3 ஆக இருந்தது. ஆனால் உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்தியர்களுக்கு அதிக எடை என்பது 25க்குப் பதிலாக 23லேயே தொடங்குவதாக மருத்துவர்கள் கொள்வதும், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவை எல்லையாக வைப்பதும் இந்தக் காரணத்தால்தான். தசை ஏற்கெனவே குறைவாக உள்ள உடலில் அதை மேலும் இழக்கச் செய்யும் எந்த முறையையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் ஏமாற்றுகிறது

ஐப்பசியில் திருச்செந்தூரில் கந்த சஷ்டி விரதம் இருந்து திரும்பும் பலர், "ஆறு நாள்ல மூணு கிலோ கொறஞ்சிட்டு" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அவர்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. ஈரலிலும் தசையிலும் ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் உடல் முதலில் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது, நீரும் உடன் வெளியேறுகிறது. குடலில் இருக்கும் உணவின் அளவும் குறைகிறது. விரதம் முடிந்து இரண்டு நாள் சோறு சாப்பிட்டதும் அந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பிவிடுவதன் காரணமும் அதுவே. மிகக் குறைந்த கலோரி அட்டவணைகளுக்குக் கிடைக்கும் நற்பெயரில் பெரும்பங்கு இந்த முதல் வாரத்தில் சம்பாதிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு வருவது கொழுப்பின் கணக்கு. ஒரு கிலோ உடற்கொழுப்பு குறைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்ற விதி, 1958இல் அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. நாளுக்கு 1000 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 900 கிராம், மாதத்துக்கு 4 கிலோ, ஆண்டுக்கு 47 கிலோ என்று தாளில் எழுதிக்கொண்டே போகலாம். 70 கிலோ உள்ள பெண் ஓராண்டில் 23 கிலோவுக்கு வந்துவிடுவார் என்றாகும்போதுதான் கணக்கின் அபத்தம் தெரிகிறது. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைகிறது. அதற்கு மேலும் ஒரு குறைப்பை உடல் தானாகவே செய்துகொள்கிறது. தைராய்டு சுரப்பின் செயல்மிக்க வடிவம் குறைகிறது, கை கால் குளிர்கிறது, நாடித் துடிப்பு மெதுவாகிறது, மாடிப்படி ஏறுவதைத் தள்ளிப்போடத் தோன்றுகிறது. அறியாமலே அசைவு குறைவதும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவின் தொலைக்காட்சி எடைகுறைப்புப் போட்டியொன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016இல் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட முடிவு இதன் கடுமையைக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பங்கைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். இருந்தும் அவர்களின் ஓய்வுநிலைச் செலவு, அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நீடித்தது. அவர்கள் கடும் பட்டினியோடு கடும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் இந்த அளவு நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை.

பட்டினியின் உடலியலை மனிதரிடம் முறையாக ஆராய்ந்தது 1944–45இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை. போருக்குச் செல்ல மறுத்த 36 நலமான இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் நாளுக்குச் சராசரியாக 1570 கலோரியில் வாழ்ந்து, உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். அவர்களுக்குச் சோர்வும் மனத்தளர்வும் வந்தன. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியதாயிற்று. சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது அடங்காமல் உண்டார்கள், பலருக்குக் கொழுப்பு முன்பிருந்ததைவிடக் கூடுதலாகச் சேர்ந்தது. அவர்கள் ஒல்லியானவர்கள் என்பதால் பருமனான ஒருவருக்கு இதே தீவிரம் வராது. கொழுப்பு இருப்பு உள்ளவர் அதை எரித்துச் சமாளிப்பார். ஆனாலும் உணவைப் பற்றிய இடைவிடாத நினைப்பு மனக்கோளாறு இல்லை, பற்றாக்குறைக்கு உடல் தரும் பதில் என்பதை அந்தச் சோதனை ஐயமற நிறுவியது.

இதையொத்த ஓர் அளவு நம் மண்ணின் வரலாற்றிலும் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இல், சென்னை மாகாணத்து நிவாரணப் பணிகளில் உழைத்த ஆண்களுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும், மேற்செலவுக்குச் சிறு சில்லறையுமே கூலி என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். சுமார் 450 கிராம் அரிசி என்றால் ஏறக்குறைய 1600 கலோரி. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இது உயிரைக் காக்கப் போதாது, பயறும் புரதமும் வேண்டும் என்று கடுமையாக வாதாடினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. மண் சுமந்த கூலியாளையும் குளிரூட்டிய அறையில் இருப்பவரையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் தானியத்தின் எடையை மட்டும் பார்த்துப் புரதத்தை மறந்த டெம்பிளின் தவறு, இன்றைய அட்டவணைகள் பலவற்றில் அப்படியே இருக்கிறது.

800 கலோரி வெற்றி பெற்ற இடம்

குறைந்த கலோரிக்கு எதிராக மட்டுமே பேசுவது நேர்மையாகாது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேருக்கு எட்டு வாரம் நாளுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏழே நாளில் காலைச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. ஈரலில் படிந்திருந்த கொழுப்பும் வேகமாக வடிந்தது. எட்டு வாரத்தில் கணையத்தின் இன்சுலின் சுரப்பும் மீண்டது. அதைத் தொடர்ந்து ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 306 பேரைக் கொண்டு நடந்த 'டைரக்ட்' ஆய்வு 2017 டிசம்பரில் வெளிவந்தது. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போட்டுக்கொள்ளாத இவர்களில் பாதிப் பேருக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட பானங்களும் சூப்புகளும் மட்டுமே உணவு. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரையின்றியே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் இது 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டு முடிவிலும் 36 விழுக்காட்டினர் அந்நிலையில் நீடித்தார்கள்.

வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பும் என்ற நம்பிக்கையையும் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2014இல் அசைத்துப் பார்த்தது. 200 பேரில் ஒரு பகுதியினர் 12 வாரம் நாளுக்கு 450 முதல் 800 கலோரியில் வேகமாகவும், மற்றவர்கள் 36 வாரம் மெதுவாகவும் குறைத்தார்கள். இலக்கைத் தொட்டவர்கள் வேகக் குழுவில் 81 விழுக்காடு, மெதுக் குழுவில் 50 விழுக்காடு. மூன்று ஆண்டு கழிந்தபோது இரு குழுவினருமே இழந்ததில் சுமார் 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்கும் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுகளைப் பற்றிய செய்தி இங்கே வந்து சேரும்போது 800 என்ற எண் மட்டும் வந்து சேர்கிறது. அதைச் சுற்றி இருந்தவை வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. அந்தப் பானங்களில் ஒரு நாளுக்குத் தேவையான புரதமும், உயிர்ச்சத்துகளும், இரும்பு, கால்சியம், பொட்டாசியம் முதலிய தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. முதல் நாளே நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்தினார்கள். செவிலியரோ உணவியலாளரோ ஒழுங்காகச் சந்தித்தார்கள். பான உணவு முடிந்ததும் 2 முதல் 8 வாரத்தில் படிப்படியாக வழக்கமான உணவு திரும்பக் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு மாதந்தோறும் கண்காணிப்பு தொடர்ந்தது.

அடுப்படிக்கு வந்த 800

இதே 800 கலோரியை ஒரு நெல்லை வீட்டில் வழக்கமான சாப்பாட்டைச் சுருக்கி அடைவதாக வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டு இட்லியும் சட்னியும். மதியம் ஒரு கப் சோறு, ஒரு கரண்டி சாம்பார், சிறிது பொரியல். சாயங்காலம் சர்க்கரை போட்ட ஒரு டீ. இரவு இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 760 கலோரி வருகிறது. அதில் உள்ள புரதம் 20 முதல் 25 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளுக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பதற்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தேவையான 29 மில்லிகிராம் இரும்பும் 1000 மில்லிகிராம் கால்சியமும் இந்தத் தட்டில் எட்டாத தொலைவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53.4 விழுக்காட்டினருக்கு, ஏற்கெனவே இரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புரதம் போதாத பற்றாக்குறையில் உடல் கொழுப்போடு தசையையும் எடுத்துச் செலவழிக்கிறது. தசை போனால் சர்க்கரையை உறிஞ்சும் இடமும் போகிறது. நீரிழிவைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய முயற்சி அதன் அடித்தளத்தையே அரிக்கிறது என்று சொல்லலாம். திரும்பிவரும் எடை பெரும்பாலும் கொழுப்பாகவே வருவதால், இரண்டு மூன்று முறை இப்படிக் குறைத்து ஏற்றிய ஒருவர் பழைய எடைக்கே வந்திருந்தாலும் பழைய உடலுக்கு வந்திருக்க மாட்டார்.

ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே செய்யும் வேலை அது. விரல்கள் ஓயாமல் இயங்கினாலும் உடலின் பெரிய தசைகள் அசைவதில்லை. ஆற்றல் செலவு குறைவு, எடை ஏறுகிறது, இரத்தசோகையும் உடன் இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு 800 கலோரி அட்டவணையைக் கொடுப்பது, சாப்பிடாமல் இருக்கச் சொல்வதற்கு மிக அருகில் போய்விடுகிறது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, முட்டையும் பயறும் சேர்த்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னால் கலோரிக் கணக்கே இல்லாமல் கூடுதல் பயன் கிடைக்கும்.

தரமற்ற புரதத்தோடு மிகக் குறைந்த கலோரியைச் சேர்த்ததால் உயிர்கள் போன வரலாறும் உண்டு. 1970களின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் திரவப் புரத உணவுமுறை பெரும் மோகமாகப் பரவியது. விலங்குத் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைக் கரைத்த பானம் அது. முக்கியமான அமினோ அமிலங்கள் அதில் போதிய அளவில் இல்லை. அதை மட்டுமே பல வாரம் குடித்து வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய 60 பேர் இறந்துபோனதாக அரசு அமைப்புகள் விசாரித்தன. பலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்திருந்தது. இன்று சிறு நகரங்களில் ஷேக் கலக்கிக் கொடுக்கும் கிளப்புகளின் பொடியை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது, ஏனெனில் அவற்றில் பெரும்பாலும் நல்ல புரதமே இருக்கிறது. ஆனால் வேளைக்கு வேளை அதையே குடிக்கச் சொல்பவர் இரத்தப் பரிசோதனையோ இதய மின்வரைபடமோ கேட்பதில்லை என்பது கவனத்துக்குரியது.

பித்தப்பைக் கல் இன்னொரு விளைவு. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறையும்போது ஈரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. எண்ணெயே இல்லாத உணவு உண்பதால் பித்தப்பை சுருங்கி அதைக் காலிசெய்வதும் இல்லை. தேங்கி நிற்பது கல்லாகிறது. முடி உதிர்தல் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்குவதால் பலர் அதை ஊர்த் தண்ணீரின் குற்றமாகக் கருதிவிடுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போதல், யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குதல், மலச்சிக்கல் ஆகியவையும் வழக்கமானவை.

மருந்துகளின் சிக்கல் இவற்றைவிட அவசரமானது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று உணவைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழலாம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். நெல்லையின் சித்திரை வெயிலில் அது மேலும் கூடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் நிலை வரக்கூடும். அளவுமானியில் எண் இயல்பாகத் தெரிவதால் வாந்தியையும் மூச்சு வாங்குவதையும் வீட்டார் வேறு ஏதோ என்று நினைத்துத் தாமதித்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டுக்கே மாத்திரை வரும் ஒருவர், உணவுமுறையை மாற்றப் போவதைத் தம் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலை உள்ளவர்கள் ஆகியோருக்கு 800 கலோரிப் பேச்சே வேண்டியதில்லை.

எவ்வளவு, எதை

முன்னே கணக்குப் போட்ட 70 கிலோ இல்லத்தரசிக்கே ஒரு மாற்றுத் தட்டைப் பார்ப்போம். காலையில் அதே இரண்டு இட்லி, ஆனால் சட்னிக்குப் பதில் சாம்பாரும் இரண்டு அவித்த முட்டையும். மதியம் அதே ஒரு கப் சோறு, 100 கிராம் சாளை மீன் குழம்பு, இரு மடங்கு கீரை. சாயங்காலம் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலும் சர்க்கரை இல்லாத டீயும். இரவு மூன்று இட்லி, சாம்பார். இது ஏறக்குறைய 1250 கலோரி. புரதம் 60 கிராமுக்கு மேல். சுருக்கிய தட்டைவிட 500 கலோரிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியிருக்கிறது, புரதமோ இரண்டரை மடங்காகியிருக்கிறது. அவருடைய 1800 தேவையில் இதுவும் 550 கலோரிப் பற்றாக்குறையைத் தருவதால் வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில் தொடங்க முடியும். உவரி, கூத்தங்குழிக் கரையிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும் விலை குறைந்தவை. சைவர்களுக்குத் தோல் உளுந்தில் செய்யும் உளுந்தஞ்சோறு இருக்கிறது. அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டிச் செய்தால் அதைவிட இசைவான எடைகுறைப்பு உணவு அரிது. தேங்காயையும் நல்லெண்ணெயையும் மட்டும் அளந்து சேர்க்க வேண்டும்.

எடை ஏறியதற்கு அல்வாவின் மேல் பழி போடுவது இங்கே எளிது. ஆனால் அல்வா பெரும்பாலும் விருந்தாளி வரும்போதும் வெளியூர் போகும்போதும் வாங்கப்படுவது. நாள்தோறும் கடையில் குடிக்கும் மூன்று நான்கு டீயும், அவற்றோடு போகும் வடையும் சேர்ந்து சத்தமில்லாமல் 500 கலோரியைத் தாண்டுகின்றன. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் எடை குறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு மணமும் சிறிது தாதுச்சத்தும் உண்டு என்றாலும் கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

எடை குறைந்த பிறகு வரும் காலத்தைப் பற்றி அட்டவணைகள் எதுவும் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் 50 பேருக்குப் பத்து வாரம் நாளுக்கு 500 முதல் 550 கலோரி கொடுத்து, ஓராண்டு கழித்தும் அவர்களின் பசி ஹார்மோன்களை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். நிறைவைத் தரும் லெப்டின் தாழ்ந்தும், பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும் அப்போதும் நீடித்தன. அதாவது குறைக்கும் மாதங்களைவிடக் காக்கும் மாதங்கள் நீளமானவை. டைரக்ட் ஆய்வில் தொடர்ந்து ஆதரவு பெற்ற குழுவினர் ஐந்தாம் ஆண்டு முடிவில் சராசரியாகத் தக்கவைத்தது சுமார் 6 கிலோ. அதைக்கூட எடை சற்று ஏறியவுடன் அழைத்து உதவும் ஏற்பாட்டோடுதான் பெற்றார்கள்.

நீரிழிவு தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன, உடல் நிறைக் குறியீட்டெண் 27க்கு மேல் உள்ள ஒருவர் இதையெல்லாம் அறிந்தபின்னும் 800 கலோரி முறையை விரும்பினால், தனியார் மருத்துவரிடமோ ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ அதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது பொருத்தம். சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், யூரிக் அமிலம், இதய மின்வரைபடம் ஆகியவை தொடக்கத்திலேயே பார்க்கப்பட வேண்டும். எந்த மாத்திரை நிறுத்தப்படும், எது குறைக்கப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீளக் கூடாது. முடிவில் ஒரே நாளில் முழுச் சாப்பாட்டுக்குத் தாவாமல், முதலில் மதியம் ஒரு வேளை மட்டும் அரைக் கப் சோறும் பயறும் காய்கறியும், அடுத்த இரண்டு வாரத்தில் இரவு உணவும், அதன் பிறகு காலை இட்லியும் எனத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுப் பந்தியோ மறுவீட்டுச் சொதிச் சாப்பாடோ குறுக்கிடும் என்றால், பன்னிரண்டு வாரத்தைத் தொடங்கும் தேதியையே அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.